ஸ்டென்ட் வைத்தபின்: ஜீன் டெஸ்ட்டா, நேராக டைகாக்ரிலோரா?

இதய ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் குழல்தான் ஸ்டென்ட். அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் குளோபிடோகிரலும் டைகாக்ரிலோரும். குளோபிடோகிரலைக் கல்லீரலின் சி.ஒய்.பி.2சி19 என்சைம்தான் முக்கியமாகச் செயல்பட வைக்கும். அந்த என்சைமுக்கான ஜீனின் இரு பிரதியும் பழுதென்றால் (ஜீன் டெஸ்ட் காட்டுவது இதைத்தான்), மாத்திரை போட்டும் ஸ்டென்ட் அடைக்கலாம். டைகாக்ரிலோருக்கு அந்த என்சைம் தேவையில்லை.

செலவு: டெஸ்ட் ஆயுளுக்கு ஒரு தடவை, டைகாக்ரிலோர் மாதாமாதம் கூடுதல்.

காத்திருப்பு: காரைக்குடியில் ரத்தம் கொடுத்தாலும் மாதிரி வெளியூர் லேபுக்குப் போய்வர நாளாகும்.

வேளை: குளோபிடோகிரல் 75 மி.கி., தினம் ஒன்று. டைகாக்ரிலோர் 90 மி.கி., காலை, இரவு. இரவு வேளைதான் தவறும்.

தொல்லை: டைகாக்ரிலோரில் மூச்சு வாங்கலாம், ரத்தக்கசிவும் கூடும். குளோபிடோகிரலோடு வயிற்று அமிலம் குறைக்கும் ஒமிப்ரசோல் ஆகாது, அதே என்சைமை முடக்கும். உப்புக்கறி சாப்பிட்டு நெஞ்செரிந்தால் கடையில் கேட்டு வாங்குவது அதுவாகவே இருக்கலாம்! பான்டோப்ரசோல் பரவாயில்லை.

மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் என்றால் டைகாக்ரிலோர் பக்கம். ரத்தக்கசிவு பயமுள்ள பெரியவர்களுக்கு டெஸ்ட், சரியென்றால் குளோபிடோகிரல். மாற்றுவது டாக்டர் மட்டுமே.