பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: வேலூரில் எனக்கு நடந்தது

"லினக்ஸ் போட்டா பழைய டேட்டா போகத்தான் செய்யும் மேடம், அதுதான் முறை." வேலூரில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடைக்காரர் போன மாதம் என்னிடம் சொன்னது இது. சுத்தப் பொய். உங்களிடமும் யாராவது இப்படிச் சொன்னால் மெஷினைக் கையோடு திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

எங்களுடையது 2011-இல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு நின்றுவிட்டது, விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. சரி, விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்கும், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம் என்று சத்துவாச்சாரியிலிருந்து பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன். கூலி 800 ரூபாய். "விண்டோஸும் இருக்கட்டும். டி டிரைவைத் தொடாதீங்க, அப்பாவோட படமெல்லாம் அதுலதான் இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னேன். சீட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் வாங்கி வந்து திறந்தால் மின்ட் நன்றாக ஓடியது. விண்டோஸ் இல்லை. டி டிரைவும் இல்லை.

திரும்பப் போய் வேலை செய்த தம்பியிடம் கேட்டேன். அவன் மறைக்காமல் சொன்னான். சி டிரைவைச் சுருக்கி 100 ஜிபி காலி இடம் எடுத்திருக்கிறான். மின்ட் இன்ஸ்டாலரில் அந்த இடத்துக்கு நேராக 'அன்யூசபிள்' (பயன்படுத்த முடியாது) என்று காட்டியிருக்கிறது. விண்டோஸுக்கே போய் அங்கே பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் தனியாகப் பிரித்த ஒரு பகுதி, போடப் பார்த்தான். 'டைனமிக் டிஸ்க்காக (விண்டோஸுக்கே உரிய ஒரு டிஸ்க் முறை) மாற்றவா' என்று கேட்டதற்கு யெஸ் கொடுத்தான். அதற்குப் பிறகு லினக்ஸில் எதுவும் சரிப்படாமல் போக, 'எரேஸ் டிஸ்க்' கொடுத்து மொத்தத்தையும் துடைத்துவிட்டான்.

காலி இடம் இருந்தும் ஏன் 'அன்யூசபிள்'? எம்பிஆர் என்ற அந்தக் காலத்து முறையில் பிரித்த டிஸ்க்கில் பார்ட்டிஷன் பட்டியலுக்கு ஒதுக்கிய இடமே 64 பைட்தான். ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு பிரைமரி (முதன்மை) பார்ட்டிஷனுக்கு மேல் எழுத முடியாது. நம் கண்ணுக்குத் தெரிவது சி, டி இரண்டும்தான். ஆனால் விண்டோஸ் பூட் ஆக 100 எம்பியில் ஒன்றும், விண்டோஸைத் திரும்பப் போடுவதற்காகக் கம்பெனிக்காரர்கள் வைத்த ரெகவரி பார்ட்டிஷன் ஒன்றும் மறைந்து கிடந்தன. நான்கும் அதோடு தீர்ந்தது. ஐந்தாவது எப்படிப் போடுவது?

வழி இல்லாமல் இல்லை. ரெகவரி பார்ட்டிஷனை வெளி ஹார்ட் டிஸ்க்கில் இமேஜாக (அப்படியே முழு நகலாக) எடுத்து வைத்துவிட்டு, டிஸ்க்கில் அதை நீக்கி, காலியான கணக்கில் ஓர் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் (உள்ளே பல பார்ட்டிஷன் போட இடம் தருவது) போட்டு, அதற்குள் லாஜிக்கல் என்ற உட்பிரிவாக லினக்ஸைப் போடலாம். ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் என் டி டிரைவைத் தின்றுவிட்டார்கள்.

கொடுப்பதற்கு முன்னால் டி டிரைவை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுக்கவில்லை. லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து பார்ட்டிஷன்களைக் காட்டும் ஜிபார்ட்டெட் என்ற மென்பொருளைத் திறந்து மறைந்திருப்பதையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் காட்டத் தயங்குகிற கடையில் கொடுக்க வேண்டாம்.

கொடுமை என்னவென்றால், அழித்த அதே கடை "ரெகவரி பண்ணித் தர்றோம், 6,000 ஆகும்" என்றது. கொடுக்கவில்லை. வாலாஜாவில் இருக்கும் என் தோழி, இனி அந்த லேப்டாப்பை ஆன் செய்யவே கூடாது, எழுத எழுதப் பழையது அழியும் என்றாள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அழிந்த ஃபைல்களை மீட்க இலவசமாகவே கிடைக்கும் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளை ஓடவிட்டாள். ராத்திரி முழுக்க ஓடியது. படங்கள் நிறைய வந்தன, ஆனால் பெயர் எதுவும் இல்லை. 'பாட்டி வீடு', 'குடியாத்தம்' என்று நான் பிரித்து வைத்த ஃபோல்டரெல்லாம் போய், எஃப் என்ற எழுத்தும் பின்னால் நீளமான எண்ணுமாக ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. தினமும் இரவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா குடியாத்தத்தில் தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்கிற வீடியோ ஒன்று இருந்தது. தறிச் சத்தத்துக்கு நடுவில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த எம்பி4 ஃபைல் வந்திருக்கிறது, ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது. பழுதான எம்பி4-ஐச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், நானே நேரில் கொண்டு வருகிறேன்.