எழுநூறு கண்ணாடிச் செங்கற்கள்

அமெரிக்காவில் ஒரே வாரத்தில் துப்பாக்கிக்குப் பலியாவோரின் அன்றைய சராசரியைக் குறிக்கும் வகையில், ஒவ்வொன்றும் 700 கண்ணாடிச் செங்கற்களால் ஆன நான்கு வீடுகளைக் கலைஞர் ஹேங்க் வில்லிஸ் தாமஸும் மாஸ் டிசைன் குரூப் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து உருவாக்கி, 2019இல் சிகாகோவில் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தனர். நான் அவற்றைப் பார்த்தது பின்னர் வாஷிங்டனில், தேசியக் கட்டட அருங்காட்சியகத்தில். செங்கற்களுக்குள், பலியானோரின் குடும்பத்தார் மனமுவந்து கொடுத்த பொருள்கள் இருக்கின்றன. ஒரு சின்னஞ்சிறு காலணியின் தேய்ந்த குதிகால்கூடக் கண்ணாடி வழியே தெரிந்தது. அருகிலேயே பெயரும், பிறந்த, இறந்த ஆண்டுகளும். வெண்கலச் சிலையை எட்ட நின்றுதான் வணங்குகிறோம். இங்கோ துயர வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைகிறோம். என்னை அதிகம் உலுக்கியவை, இன்னும் எதுவும் வைக்கப்படாத வெற்றுச் செங்கற்கள்தாம். இந்த நினைவுச்சின்னம் உங்கள் ஊருக்கு வந்தால் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிச் செல்லுங்கள்.