"மருந்தடிக்காத" எண்ணெய் எண்டு சொல்லி 38,000 ரூபாயை அடிச்சிட்டாங்க, தயவுசெய்து வாசிங்க

38,000 ரூபா. முதல்ல 28,500, மறுகா 9,500. அம்மாட முழங்கால் நோவுக்கெண்டு போன்ல ஒரு பேஜ்ல வித்த கஞ்சாச் செடி எண்ணெய்க்குக் குடுத்தது. நான் முன்பள்ளி டீச்சர், எனக்கு அது மூண்டு மாசச் சம்பளத்துக்குக் கிட்ட வரும், சீட்டு விழுந்த கையோட எடுத்துக் குடுத்த காசு. நேத்து ராவு அந்தப் பேஜ்காரங்கட கடைசி மெசேஜ் வந்திச்சி, அதைப் பார்த்ததில இருந்து நித்திரை இல்ல. கோவத்தோடதான் எழுதுறன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க. இண்டைக்குக் காலைல பார்த்தா அதே ஆக்கள் வேற பேர்ல புதுப் பேஜ் ஒண்டு திறந்து அதே பச்சை இலைப் போட்டோவைப் போட்டு வச்சிருக்காங்க, அதுக்குக் கீழ நம்மட ஊர் ஆக்கள் மூண்டு பேர் விலை கேட்டிருக்காங்க. அதைக் கண்ட பிறகு எழுதாம இருக்க ஏலல்ல.

நாங்க மட்டக்களப்பு களுதாவளைப் பக்கம். மணல் பூமியில கிணத்துத் தண்ணி ஊத்தி மிளகாய், கத்தரி, வெத்திலை செய்ற ஊர், அப்பாவும் இருந்த காலம் முழுக்கத் தோட்டம்தான் செஞ்சவர். மருந்து அடிக்கிறது எண்டா என்னெண்டு எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவல்ல, தோள்ல டாங்கியைக் கொழுவிக்கொண்டு பின்னேரம் அடிச்சிப்போட்டு அடுத்த நாள் வெள்ளனக்க ஆய்ஞ்சி சந்தைக்கு ஏத்தினதை எல்லாம் கண்ணால கண்டு வளர்ந்தவள் நான். அதாலதான் வீட்டுக்கு வேண்டிய கீரை, மிளகாய், வெண்டி எல்லாம் வளவுக்குள்ளயே மாட்டெருப் போட்டு வளர்க்கிறன், வெளிய வாங்கிறதெண்டா எங்க விளைஞ்சது என்ன அடிச்சது எண்டு கேட்டுக் கேட்டுத்தான் வாங்குவன். இதெல்லாம் ஏன் சொல்றன் எண்டா, அவங்க என்னைப் பிடிச்சதே "நஞ்சில்லாதது, இயற்கையா வளர்த்தது" எண்ட அந்த ஒரு சொல்லாலதான். வேற எதைச் சொல்லியிருந்தாலும் நான் திரும்பியும் பார்த்திருக்க மாட்டன்.

அம்மாக்கு ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சிட்டு. கோயிலுக்குப் போனா கீழ இருந்து எழும்ப ஏலாம ஆரும் ரெண்டு பேர் பிடிச்சித் தூக்க வேணும். அதோட அவக்கு இதய வால்வு மாத்தினது, அதுக்கு ரத்தம் கட்டியாகாம இருக்கிறதுக்கு வார்பரின் எண்ட குளிசை குடிக்கிறா, அந்தக் குளிசை குடிக்கிற ஆளுக்குக் கடையில விக்கிற நோவுக் குளிசையை நினைச்ச மாதிரிக் குடுக்க ஏலா, ரத்தம் கசியத் தொடங்கிரும் எண்டு கிளினிக்ல கண்டிப்பாச் சொல்லி விட்டிருக்காங்க. ராவெல்லாம் அவ முனகிக்கொண்டு கிடக்க, என்ட கையில ஒண்டும் இல்லாம பக்கத்தில இருந்து காலை நீவி விடுறது மட்டும்தான் வேலை. அப்பிடி இருந்த ஒரு ராவுதான் போன்ல அந்த விளம்பரம் வந்திச்சி.

கஞ்சாச் செடியில இருந்து எடுக்கிற சிபிடி எண்ணெய், ஆனா போதை இல்லாதது, ஹெம்ப் எண்ட இனம், வெளிநாட்டில கூட்டுப்பசளை மட்டும் போட்டு மழைத்தண்ணியில வளர்த்தது, ஒரு சொட்டு மருந்து அடிக்கல்ல, கண்ணாடிப் போத்தல், பிளாஸ்டிக் இல்ல, மண்ணுக்கும் நல்லம் மனிசருக்கும் நல்லம் எண்டெல்லாம் எழுதி, லேப் ரிப்போட் ஒண்டும் போட்டிருந்தாங்க. நான் உடனே வாங்கல்ல. ரெண்டு நாள் யோசிச்சிட்டுத்தான் "இது நம்மட நாட்டில பிரச்சின இல்லையா" எண்டு கேட்டன். அப்ப ஒரு பொம்புளைப்புள்ளட குரல்ல வொய்ஸ் வந்திச்சி. அதைத்தான் நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன். நம்மட மட்டக்களப்புப் பேச்சு, அச்சாக் குரல். "அக்கா, முதல்ல அம்மாக்கு இப்ப எப்பிடிக்கா இருக்கு? எங்கட அம்மாக்கும் இதே வருத்தம்தான்கா, வாசல்படி ஏற மாட்டா, இப்ப மாமாங்கம் தீர்த்தத்துக்கு நடந்து போய் வந்தவ" எண்டு சொல்லிச்சி. விலையைப் பத்தி ஒரு சொல்லு இல்ல. அடுத்த நாளும் தானா மெசேஜ் போட்டு அம்மா ராவு நித்திரை கொண்டவவா எண்டு கேட்டிச்சி. எங்கட சொந்தத்துக்குள்ளயே அப்பிடிக் கேக்க ஆள் இல்ல. நான் அந்த இடத்திலதான் விழுந்தன், லேப் ரிப்போட்டும் பார்க்கல்ல ஒண்டும் பார்க்கல்ல, அந்தக் குரலுக்குத்தான் காசு குடுத்தன். சட்டத்தைப் பத்திக் கேட்டதுக்கு "இது ஆயுர்வேத அனுமதியோட வாறதுக்கா, பயப்பிடாதீங்க" எண்டிச்சி, அதையும் நம்பினன்.

சாமான் வந்த பிறகு காசு குடுக்கிறன் எண்டு கேட்டன், வெளிநாட்டுச் சாமானுக்கு அப்பிடி ஏலாதாம். 28,500ஐ களுவாஞ்சிகுடிக்குப் போய் மெசின்ல போட்டன். சிலிப்பில வந்த பேரு கம்பனிப் பேர் இல்ல, ஒரு ஆம்புளையாள்ட பேரு. அதைக் கேட்டா "அது எங்கட கணக்குப் பார்க்கிற அண்ணன்ட" எண்டாங்க. அஞ்சாம் நாள் சாமான் சுங்கத்தில நிக்குது, 9,500 கட்டினாத்தான் எடுக்கலாம், இல்லாட்டி முதல் காசும் போயிரும் எண்டு வந்திச்சி. ஏற்கனவே 28,500 போயிட்டு எண்ட பயத்தில 9,500ஐயும் போட்டன். மொத்தம் 38,000.

மூண்டு கிழமைக்குப் பிறகு கூரியர்ல விரல் அளவு கறுப்புப் போத்தல் ஒண்டு வந்திச்சி, 30 மில்லி. நாக்குக்குக் கீழ ஆறு சொட்டு எண்டாங்க, அம்மாவும் என்னை நம்பி காலையும் ராவும் விட்டா. பத்து நாளா ஒரு மாத்தமும் இல்ல. "புள்ள, இது நம்மட தேங்காண்ணெய் மாதிரி இருக்கு" எண்டு அவ ரெண்டு தரம் சொன்னவ, நான்தான் சும்மா இருங்கம்மா எண்டு அதட்டினன். மறுகா ஒரு நாள் வெக்கையா இருக்கெண்டு போத்தலைப் பிரிட்ஜ்ல வச்சிட்டு அடுத்த நாள் எடுத்தா, உள்ளுக்க வெள்ளையா இறுகிப்போய் இருக்கு. தேங்காண்ணெய் 24 பாகைக்குக் கீழ போனா உறையும், அது எந்தப் பொம்புளைக்கும் தெரியும். அவங்கட லேபிள்ல எழுதியிருந்தது எம்சிடி எண்ணெயில, அதாவது தேங்காண்ணெயில இருந்து பிரிச்செடுக்கிற ஒரு மெல்லிய எண்ணெயில கலந்தது எண்டு, அந்த எம்சிடி பிரிட்ஜ்ல வச்சாலும் தண்ணி மாதிரித்தான் இருக்குமாம். கொஞ்சம் மின்ட் வாசம் போட்ட தேங்காண்ணெய்க்கு நான் 38,000 குடுத்திருக்கன். ஒரு போத்தல் தேங்காண்ணெய் எங்கட வீட்டிலயே கொப்பரை காயப்போட்டு எடுக்கிறம்.

அண்டைக்கே டொரோண்டோவில இருக்கிற அக்காவுக்கு எடுத்தன். அத்தான் அந்த லேப் ரிப்போட்டை அனுப்பச் சொல்லிப் பார்த்துப்போட்டு, "தங்கச்சி, இது எண்ணெய்ட ரிப்போட்டே இல்ல, உடம்பில பூசுற கிறீம் ஒண்டுட ரிப்போட், அதுவும் 2019 ஆம் ஆண்டுட" எண்டார். போத்தல்ல இருக்கிற பேட்ச் நம்பரும் ரிப்போட்ல இருக்கிறதும் வேற வேற. மூலையில இருந்த கியூஆர் கோட்டை ஸ்கேன் பண்ணினா ஒரு இடத்துக்கும் போகல்ல. அதை விட, ஈயம், கட்மியம், பூச்சிமருந்து, எடுக்கப் பாவிச்ச கரைப்பான்ட மிச்சம், பூஞ்சணம் இதெல்லாம் பார்த்த பக்கம் அதில அடியோட இல்ல. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், இந்தச் செடி மண்ணில இருக்கிற கன உலோகத்தை வேரால நல்லா உறிஞ்சி எடுக்குமாம், செர்னோபில்ல அணு உலை வெடிச்ச இடத்துக்குப் பக்கத்தில மண்ணைச் சுத்தம் செய்யவே 1998 அளவில இதை நட்டுப் பார்த்திருக்காங்க. அப்ப மருந்தடிக்கல்ல எண்டு சொன்னா மட்டும் போதாது, எந்த மண்ணில வளர்ந்தது எண்டும் தெரிய வேணும், இல்லாட்டி அந்த நஞ்செல்லாம் எண்ணெயிலயும் வந்து சேரலாம். கனடாவில 2018 ஒக்டோபர் 17ல இதைச் சட்டமாக்கின பிறகும், 2019 ஜனவரில இருந்து பூச்சிமருந்துக்கு டெஸ்ட் கட்டாயம் எண்டு கொண்டுவந்தது ஏனெண்டா, அதுக்கு முதல் லைசன்ஸ் எடுத்த கம்பனிகள்ட சாமான்லயே மைக்ளோபியூட்டனில் எண்ட பூஞ்சண மருந்து பிடிபட்டிச்சாம், அதைச் சூடாக்கினா சயனைட் வாயு வருமாம். லைசன்ஸ், முத்திரை, டெஸ்ட் எல்லாம் இருக்கிற நாட்டிலயே இப்பிடி. அமெரிக்காவில இன்டர்நெட்ல விக்கிற 84 சிபிடிப் பொருளை வாங்கி டெஸ்ட் பண்ணி 2017ல ஆய்வொண்டு வந்திருக்கு, லேபிள்ல போட்ட அளவு சரியா இருந்தது 31 வீதத்திலதான், 18 பொருள்ல போதை தாற டிஎச்சி இருந்திருக்கு. இதையெல்லாம் நான் காசு குடுக்க முதல் ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தா அத்தான் சொல்லியிருப்பார். அவங்களுக்குச் செலவு வைக்கக் கூடாதெண்டு கேக்காம விட்டன்.

மறுகா காசைத் திருப்பிக் கேக்கத் தொடங்கினன். முதல் நாள் "24 மணித்தியாலத்தில பதில் வரும் டியர்". ரெண்டாம் நாள் "போத்தலைக் குலுக்கிப் பாவிங்க, இயற்கையானது எண்டா அப்பிடித்தான் உறையும்". மூண்டாம் நாள் மனேஜர் லீவு. நாலாம் நாள் "உடம்பு பழக மூண்டு மாசம் எடுக்கும், இன்னொரு போத்தல் எடுங்க, உங்களுக்கு 20 வீதம் குறைக்கிறம்". அக்கா அக்கா எண்டு கதைச்ச அந்தப் புள்ளைட நம்பருக்கு எடுத்தா ஆம்புளை ஒராள் எடுத்து அப்பிடி ஆளே இல்ல எண்டான். நான் விடல்ல, ஒவ்வொரு நாளும் 38,000ஐத் தாங்க எண்டு போட்டுக்கொண்டே இருந்தன், அவங்க பார்த்திட்டுப் பேசாம இருந்தாங்க.

இதுக்கிடையில அம்மாட கிளினிக் நாள் வந்திச்சி. மனசு கேக்காம டொக்டர்ட்ட போத்தலைக் காட்டி உண்மையைச் சொன்னன். அவர் ஏசல்ல, ஆனா முகம் மாறிட்டு. உண்மையான சிபிடியா இருந்திருந்தா வார்பரின் உடம்பில இருந்து கழிஞ்சி போறதைத் தடுக்கும், ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குது எண்டு காட்டுற அளவு, ஏறும், உள்ளுக்க ரத்தம் கசிஞ்சா தெரியவும் வராது எண்டார். உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க, நல்ல காலம் ஒண்டும் இல்ல. வெளிய வாங்கில இருந்து நான் அழுதிட்டன். காசு போனதுக்கு இல்ல. அந்தப் பேஜ்ல அம்மாட வருத்தத்தை அவ்வளவு விசாரிச்சவங்களுக்கு நான் வார்பரின்ட பேரையும் சொல்லியிருந்தன், ஒண்டும் செய்யாது அக்கா எண்டுதான் சொன்னாங்க.

நேத்து ராவு பொலிஸ்ல சொல்லுவன் எண்டு எழுதினன். அதுக்கு வந்த பதில்தான் இது, அப்பிடியே போடுறன். "தாராளமா போங்க. கஞ்சா எண்ணெய் வாங்கினது நீங்க, சாமான் இருக்கிறது உங்கட வீட்டில, காசு போட்ட சிலிப்பும் உங்கட கையில. யார் உள்ள போறது எண்டு பார்ப்பம்." போட்டு அஞ்சு நிமிசத்தில என்னை புளொக் பண்ணிட்டாங்க. அப்பதான் எனக்கு விளங்கினது, இவங்க இந்தச் சாமானைத் தெரிஞ்செடுத்ததே அதுக்குத்தான். அரிசியில ஏமாத்தினா நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 எண்டு அடிச்சிச் சொல்லலாம், இதில ஏமாந்தவள் வாயைத் திறக்க மாட்டாள் எண்டு தெரிஞ்சிதான் செய்றாங்க. நம்மட நாட்டில 1929 ஆம் ஆண்டுச் சட்டத்தில ஹெம்ப் செடியும் சேர்த்தித்தான் தடை, போதை இல்லாத இனம் எண்டெல்லாம் அங்க பிரிவு இல்ல. ஆயுர்வேதத்தில பாவிக்கிறதெண்டா பதிஞ்ச வைத்தியர் அனுமதியோட மருந்தில சேர்க்கிறது, பேஜ்ல போட்டுக் கூரியர்ல அனுப்புறது இல்ல. அவங்க சொன்ன "ஆயுர்வேத அனுமதி" எண்ட கதை முழுப் பொய்.

என்னெல்லாம் பார்க்க வேணும் எண்டு விபரமா எழுத நினைச்சன், இப்ப கை ஓடுதில்ல, அம்மாவும் எழும்பிட்டா. சுருக்கமாச் சொல்றன். இங்க இருக்கிறவங்க இந்த எண்ணெய் எந்தப் பேர்ல வந்தாலும் வாங்காதீங்க, சட்டமும் விடாது, வாறதும் தேங்காண்ணெய்தான். வெளிநாட்டில இருக்கிற சொந்தங்கள் அங்க சட்டப்படி வாங்கிறதெண்டா லைசன்ஸ் உள்ள கடையில மட்டும் எடுங்க, ரிப்போட்ல இருக்கிற பேட்ச் நம்பரும் போத்தல்ல இருக்கிறதும் ஒண்டா எண்டு பாருங்க, உலோகம் பூச்சிமருந்து பார்த்த பக்கம் இல்லாட்டி வைச்சிட்டு வாங்க. ஹெம்ப் விதை எண்ணெய் வேற, சிபிடி எண்ணெய் வேற, விதையில சிபிடி இல்லாத மாதிரித்தான், அதையும் மாத்தி விக்கிறாங்க. வார்பரின் குடிக்கிற ஆக்கள் டொக்டர்ட்ட கேக்காம ஒண்டையும் தொட வேணாம். கம்பனி எண்டு சொல்லிப்போட்டுத் தனியாள் பேர்ல காசு போடச் சொன்னா போடாதீங்க. சுங்கக் காசு எண்டு ரெண்டாம் தரம் கேட்டா முதல் காசை விட்டிடுங்க, நான் அப்பிடி விட்டிருந்தா 9,500 மிஞ்சியிருக்கும்.

போத்தல் இன்னும் பிரிட்ஜ்ல இருக்கு, சிலிப் ரெண்டும், வொய்ஸ் எல்லாமும், அந்தக் கடைசி மெசேஜும் எடுத்து வச்சிருக்கன். மட்டக்களப்பிலயோ அம்பாறைப் பக்கமோ கல்முனை, அக்கரைப்பற்றிலயோ இதே பச்சை இலைப் பேஜ்ல காசு குடுத்தவங்க இருந்தா எனக்கு உள்பெட்டியில எழுதுங்க, பேர் வெளிய வராது. தனியப் போய் முறைப்பாடு குடுக்க எனக்குப் பயமா இருக்கு. நாலஞ்சு பேர் சேர்ந்தா ஒரு சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போகலாம், எங்கட சொந்தக்காரர் ஒராள் வாறன் எண்டிருக்கார்.