துவக்கா, பலகைக் கட்டையா?

திருகோணமலை பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாக் கடைகளைத் தாண்டி, பிளாஸ்டிக் துவக்கு வாங்காமல் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வருவது பெரும்பாடு. போன முறை மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். அன்று பின்னேரமே படலையில் நின்று தங்கச்சியை மறித்து "ஐசியைக் காட்டு" என்றான் (ஐசி என்றால் அடையாள அட்டை), அவளும் ஏன் என்று கேட்காமல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள், எனக்கு நெஞ்சு திக்கென்றது. இருவருமே 2009இல் போர் முடிந்தபிறகு பிறந்தவர்கள். சோதனைச்சாவடிகளில் இறங்கி நடந்தது நாங்கள்தான், அந்தக் கதைகளை வீட்டில் சொன்னதும் நாங்கள்தான்.

துவக்கு பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த விளையாட்டில் கட்டளையிட ஒருவர், பணிய ஒருவர், அவ்வளவுதான் இடம். மறுநாள் தங்கச்சி கைக்குத் துவக்கு வந்தது, அண்ணன் கையைத் தூக்கினான்.

கட்டைகள் வேறு மாதிரி. 1958இல் செய்த லெகோ கட்டையோடு இன்றைய கட்டையும் பொருந்துமாம், சரி, அந்த விலை நமக்குக் கட்டாது. தச்சரிடம் மிஞ்சிய பலகைத் துண்டுகளைக் கேட்டு வாங்கி, முனை தேய்த்துக் கொடுத்தேன். கிண்ணியாப் பாலம் கட்டினார்கள். சண்டை இதிலும் வந்தது, நீளத்துண்டு அவளிடம், தூண்கள் இவனிடம், அரைமணி நேரம் பேரம் பேசித்தான் பாலம் எழும்பியது.

வரும் திருவிழாவுக்கும் தச்சரிடம்தான் போகப்போகிறேன்.