மண்டபம் கரையில் ஆறு ஆண்டுகள்: ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும்

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் என்ற கடற்கரை ஊரில் உள்ள ஒரு மீன் கம்பெனிக்காக, எடை, ஏல விலை, சம்மாட்டிகளுக்கு (படகு உரிமையாளர்களுக்கு) கொடுத்த முன்பணம், ஐஸ், டீசல் பிடித்தம் ஆகியவற்றைக் கணக்கிடும் இணையச் செயலி ஒன்றை 2019 முதல் பராமரித்து வருகிறேன். முதலில் அதை முழுவதும் ஜாவாஸ்கிரிப்ட்டில், அம்மொழியைச் சர்வரிலும் இயக்கும் நோட்.ஜேஎஸ் கொண்டு எழுதினேன். தனி ஆளாக வேலை பார்த்த எனக்குத் திரைக்கும் சர்வருக்கும் ஒரே மொழி என்பது பெரிய வசதி. ஒரு ஜிபி நினைவகமுள்ள வாடகை சர்வரே போதுமானதாக இருந்தது.

சிக்கல் பணக்கணக்கில் தொடங்கியது. ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான எண்வகையில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். இத்தகைய துளிகள் சேர்ந்து, கடனை முழுவதும் அடைத்துவிட்ட சம்மாட்டி ஒருவரின் பெயரில் நிலுவை தீராமல் நின்றது. அவர் என் கணக்கைச் சந்தேகித்தது எனக்கு மிகவும் வலித்தது. தொகைகளைப் பைசாவாக்கி முழு எண்களாகச் சேமித்து அதைச் சரிசெய்தேன்; ஜாவாவிலும் டபுள் என்ற எண்வகையைப் பயன்படுத்தினால் இதே பிழை வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நோட் நம் நிரலை ஒரே இழையில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலையாக, இயக்குவதால், அலுவலகத்தில் யாரேனும் மாத அறிக்கை கேட்டால், அந்தக் கணக்கீடு முடியும்வரை ஜெட்டியில் எடை பதிவோர் அனைவரும் காத்திருக்க நேர்ந்தது. கனமான கணக்கீட்டை வொர்க்கர் திரெட்டுகள் என்ற தனி இழைகளாகப் பிரித்தும் பார்த்தேன்; நிரல் எனக்கே புரியாத அளவுக்குச் சிக்கலானது.

ஆகவே 2021இல், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் நின்றபோது, கணக்குப் பகுதியை ஜாவாவுக்கு, அதன் சர்வர் நிரல்களுக்கான ஸ்பிரிங் பூட் என்ற கட்டமைப்புக்கு மாற்றினேன். தசமங்களைத் துல்லியமாகக் கையாளும் பிக்டெசிமல் வகையும், நிரலை இயக்கும் முன் தொகுக்கும்போதே (கம்பைல்) தவறான வகையைக் காட்டிக்கொடுக்கும் கண்டிப்பும் என் இரவுத் தூக்கத்தை மீட்டுத் தந்தன. அதற்கு விலையும் உண்டு: சர்வரை இரண்டு ஜிபியாக உயர்த்தினேன், ஸ்பிரிங் பூட் 3 ஜாவா 17ஐக் கட்டாயமாக்கியதோடு, நிரலில் ஜாவாக்ஸ் என்று தொடங்கிய பல பெயர்களை ஜகார்த்தா என்று மாற்றச் சொன்னதால், 2023 தடைக்காலமும் அதற்கே போயிற்று.

கரையிலுள்ள திரை இன்றும் ஜாவாஸ்கிரிப்ட்தான். சிக்னல் அறுந்தால் பதிவுகள் கைப்பேசி உலாவிக்குள்ளேயே உள்ள இண்டெக்ஸ்டு டிபி என்ற சேமிப்பில் காத்திருந்து, பிறகு சர்வருக்குச் செல்கின்றன. ஒரே பெட்டி இறால் இருமுறை பதிவாகாதபடி, ஒவ்வொரு பதிவுக்கும் கைப்பேசியிலேயே தனி எண் இடுகிறேன். அதே எண் மீண்டும் வந்தால் ஜாவா பகுதி அதை ஏற்பதில்லை.