பூப்பாத்தியா, அடிக்கட்டையா? நியூ ஹொரைசன்ஸ் தோட்டத்துக்குப் பூச்சி பிடிக்க

தீவில் தோட்டம் போட்டு, பூச்சி பிடித்து விற்கும் வீடியோ கேமான அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸில் நல்ல விலைக்குப் போகும் பூச்சி தோட்டத்துக்கே வரவேண்டுமானால் வழி இரண்டு: பூப்பாத்தி போடுவது, மரத்தை வெட்டி அடிக்கட்டைகளை விட்டுவைப்பது. அழகுக்குப் பூ, அதில் பேச்சே இல்லை. காசுக்கு அடிக்கட்டைதான் என் கட்சி.

பூவில் வருபவற்றில் விலை உள்ளவை இரண்டு. வெள்ளைப் பூவில் மட்டும் உட்காரும் ஆர்க்கிட் கும்பிடுபூச்சிக்கு 2,400 பெல் (விளையாட்டின் காசு). நீலம், ஊதா, கருப்புக் கலப்பினப் பூக்களைத் தேடிவரும் மயில் பட்டாம்பூச்சிக்கு 2,500. சாதாரணக் கும்பிடுபூச்சி 430, புள்ளிவண்டு 200 என்று மற்றவை குறைவுதான்.

அடிக்கட்டையில் மே முதல் செப்டம்பர் வரை ரோசாலியா பேட்டேசி வண்டு (3,000), ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பொன்வண்டு (2,400), இரண்டும் இரவு பகல் பாராமல் வரும். நம் ஊரில் தீப்பெட்டியில் அடைத்து வளர்த்த பொன்வண்டுக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம். பூச்சி வாங்க அவ்வப்போது தீவுக்கு வரும் ஃபிளிக் வரும் நாள்வரை பிடித்து வைத்தால் ஒன்றரை மடங்கு: ரோசாலியாவுக்கு 4,500. மாதங்கள் வட அரைக்கோளத் தீவுக்கானவை, தென் அரைக்கோளத்தில் ஆறு மாதம் தள்ளிப் பாருங்கள்.

உண்மையில் முடிவு செய்வது பராமரிப்பு. பூச்செடி வாடாது; தொல்லை நேர்மாறானது. மழை பெய்தாலோ நீர் ஊற்றினாலோ பக்கத்துக் காலிக் கட்டங்களில் புதுச் செடி முளைக்கும். மழை விடாத வாரத்தில் நடக்கவே வழி இருக்காது. ஒய் பட்டனால் பறித்தால் தண்டு நிற்கும், மறுபடி பூக்கும். ஒழிக்க மண்வெட்டியால் ஒவ்வொன்றாகத் தோண்டவேண்டும். சுற்றிலும் பாதை போட்டுவிட்டால் பரவாது. வண்டைத் துரத்தி ஓடினால் பூ உதிர்வது வேறு.

அடிக்கட்டைக்கு ஒரு நாள் வேலைதான். லேசான கோடாலியும் கல் கோடாலியும் மரத்தைச் சாய்க்காது. லேசான கோடாலியோடு மூன்று மரத்துண்டு, ஓர் இரும்புக்கட்டி சேர்த்துச் செய்யும் கோடாலியால் மூன்று வெட்டு. கட்டையை மண்வெட்டியால் தொட்டுவிடாதீர்கள், பெயர்ந்து வந்துவிடும். கட்டைகளுக்கு இடையே இரண்டு கட்டமாவது விடுங்கள். ஓடிப்போனால் வண்டு பறந்துவிடும், வலையைப் பிடித்து ஏ பட்டனை அழுத்தியபடி நகரவேண்டும். எத்தனை கட்டை என்பதற்குக் கணக்கில்லை, பத்துப் பன்னிரண்டு போதும். ஒரே நேரத்தில் வரும் பூச்சிகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, ஆகவே மலிவான பட்டாம்பூச்சிகளைப் பார்த்தால் விரட்டிவிடுங்கள்.

குளிர்காலத்தில் மட்டும் கட்டை படுத்துவிடும். வருடம் முழுக்கக் கிடைக்கும் எலுமிச்சை நீள்கொம்பு வண்டுக்கு 350தான். அப்போது காலை 8 முதல் மாலை 7 வரை பறக்கும் பேப்பர் கைட் பட்டாம்பூச்சி 1,000 தரும்.