குழந்தை கார் சீட்: குஷனை அமுக்கிப் பார்க்கும் முன் காரின் பெல்ட்டை இழுத்துப் பாருங்கள்

மதுரையில் குழந்தைக்கு கார் சீட் தேடுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் உங்கள் காரில் அசையாமல் உட்காரவில்லை என்றால் அந்த சீட்டால் பிரயோஜனம் இல்லை. நாங்கள் வாங்கியது 0 முதல் 18 கிலோ வரைக்குமான கன்வெர்டிபிள் வகை, பிள்ளை சின்னதாக இருக்கும்வரை காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடி உட்காரும், வளர்ந்ததும் சீட்டைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். விலை 9,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. மகளுக்கு இரண்டரை வயது, 11 கிலோ சொச்சம், இன்னும் பின்பக்கம் பார்த்துத்தான் வருகிறாள்.

மாசி வீதிகள், டவுன்ஹால் ரோடு பக்கம் போய் வாங்கலாம்தான், ஆனால் அந்த நெரிசலில் காரை நிறுத்தி, சீட்டை வெளியே எடுத்து வந்து மாட்டிப் பார்ப்பது நடக்கிற காரியமா? அதனால் கே.கே. நகர் பக்கம், வாசலில் கார் நிற்க இடமுள்ள ஒரு கடைக்குப் போனோம். அங்கிருந்த தம்பி எந்த சீட்டைக் கேட்டாலும் "மெத்துமெத்துன்னு இருக்கும்க்கா, பாப்பா ஏறுனதுமே தூங்கிரும்" என்றார், எந்தத் தரச் சான்று என்று கேட்டால் முழித்தார். ஆனாலும் காரில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம் என்றதும் முகம் சுளிக்காமல் இரண்டு சீட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வந்தார், அதற்காகவே அந்தக் கடைக்கு முழு மார்க் போடலாம்.

எங்களுடையது ஐசோஃபிக்ஸ் கொக்கி (பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டை நேராகக் காரோடு பூட்டுகிற இணைப்பு) இல்லாத பழைய ஹேட்ச்பேக். சீட்டை கார் பெல்ட்டால்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் பார்த்து வைக்கும்போது பெல்ட் சீட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அதற்கு நிறைய நீளம் பிடிக்கும். முதலில் வைத்த சீட்டில் பெல்ட்டைக் கடைசி வரை உருவியும் பக்கிளுக்கு நாலு விரற்கடை எட்டவில்லை. விலை அதிகமும் அதுதான், பார்க்க ஜோராக இருந்ததும் அதுதான், என்ன செய்ய. இரண்டாவது எட்டியது, அதையே எடுத்தோம். சின்னக் கார் வைத்திருப்பவர்கள் ஆஃபருக்கு ஆசைப்பட்டு ஆன்லைனில் போடுவதற்கு முன் இதை யோசியுங்கள், போட்டே ஆக வேண்டும் என்றால் திருப்பி அனுப்ப வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மாட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கார் பெல்ட் பெரும்பாலும் வெடுக்கென்று இழுத்தால்தான் பூட்டிக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். அதனால் சீட்டின் நடுவில் கையால் நன்றாக அழுத்திக்கொண்டே பெல்ட்டின் தொய்வை எடுத்துவிட்டு, சீட்டிலேயே இருக்கும் கவ்வியில் பெல்ட்டைப் பூட்ட வேண்டும். அப்புறம் பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், எந்தப் பக்கமும் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. மேல் நுனியைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு தொல்லை, முன் சீட்டை நன்றாக முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது, என் வீட்டுக்காரர் அங்கே உட்கார்ந்தால் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கும். அதற்காகக் குழந்தை சீட்டை முன்னால் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள், ஏர்பேக் இருக்கிற இருக்கையில் பின்பக்கம் பார்க்கும் சீட் கூடவே கூடாது, பை வெடித்து விரிந்தால் சீட்டின் முதுகில்தான் அறையும்.

பின்பக்கம் பார்த்து உட்கார வைப்பதற்குக் காரணம் கழுத்துதான். இந்த வயதில் தலை கனம், கழுத்தெலும்பு இன்னும் இறுகவில்லை. நேருக்கு நேர் முட்டும்போது முன்பக்கம் பார்க்கிற பிள்ளையின் உடம்பை சீட்டில் இருக்கும் வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் வெட்டி இழுக்கும். பின்பக்கம் பார்த்தால் சீட்டின் முதுகே தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சேர்த்துத் தாங்கிவிடும். ஒரு வயது ஆனதும் திருப்பிவிடலாம் என்று சொல்வார்கள், நான் கேட்கவில்லை. எங்கள் சீட்டில் பின்பக்கம் 13 கிலோ வரை போகலாம், தலை உச்சி சீட்டின் பிளாஸ்டிக் ஓட்டின் விளிம்புக்குள் இருக்கும்வரை மாற்றுவதாக இல்லை. கால் மடங்குகிறதே என்று கேட்பவர்களுக்கு, அவள் சம்மணம் போட்டுக்கொண்டு சுகமாகத்தான் வருகிறாள்.

தரச் சான்றுக்கு அட்டைப்பெட்டியை நம்ப வேண்டாம், சீட்டின் ஓட்டிலேயே ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் இருப்பது ஆரஞ்சு நிற ஆர்44/04, அதாவது குழந்தை சீட்டுக்கான ஐ.நா. பாதுகாப்புத் தரத்தின் பெயர், வட்டத்துக்குள் ஈ எழுத்தும் பக்கத்தில் எண்ணும், அது அனுமதி கொடுத்த நாட்டின் எண், 4 என்றால் நெதர்லாந்து. இதைவிடப் புதியது ஆர்129, அதில் பக்கவாட்டு மோதல் சோதனையும் உண்டு, எடைக்குப் பதில் உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள், 15 மாதம் வரை பின்பக்கம்தான் என்பது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2024 செப்டம்பரோடு ஆர்44 விற்பனையை நிறுத்திவிட்டார்கள், இங்கே இன்னும் கிடைக்கிறது. கையில் காசும் காரில் ஐசோஃபிக்ஸும் இருந்தால் ஆர்129 எடுங்கள். இல்லையென்றால் நன்றாக இறுக்கிக் கட்டிய ஆர்44 போதும், மடியில் வைத்துக்கொள்வதற்கு அது எவ்வளவோ மேல்.

மடி என்றதும் எங்கள் அப்பத்தா ஞாபகம்தான். "ஏத்தா, பச்சப் புள்ளயக் கட்டிப்போட்டா கூட்டிட்டு வருவாக? இதுக்குப் போயி இம்புட்டுக் காசா?" என்று மேலூர் போகும்வரை புலம்பல். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது முட்டி நின்றால் 12 கிலோ பிள்ளை அந்தக் கணத்தில் 200 கிலோ போல இழுக்கும், எந்தக் கையாலும் பிடிக்க முடியாது என்று சொன்னேன். நம்பவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி பிரிவுப்படி 14 வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு பெல்ட்டோ சீட்டோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்றதும் சரி, கட்டு என்றார்.

இந்த சீட்டில் எனக்குக் குறை இரண்டு. வாரின் உயரத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் பின்னால் கழற்றி வேறு ஓட்டையில் கோக்க வேண்டும். பின்பக்கம் பார்க்கும்போது வார் தோளுக்குச் சமமாகவோ கீழாகவோ வர வேண்டும், திருப்பினால் சமமாகவோ மேலாகவோ, அதனால் வளர்கிற பிள்ளைக்கு இந்த வேலை அடிக்கடி வரும். இரண்டாவது, துணி. சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணியில் காரை நிறுத்திவிட்டு வந்தால் பக்கிள் சுடுகிறது, முதுகு தொப்பலாக நனைகிறது. இறங்கும்போதே ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு மூடிவிடுகிறேன்.

காதுகுத்து, குலதெய்வம் கோயில் என்று போகும்போது பட்டுப் பாவாடையோடு உட்கார வைக்க வேண்டாம். கொசுவம் காலிடுக்கு வாருக்கு அடியில் திரண்டுகொள்கிறது, இறுக்கமாக இருப்பது போலத் தெரியும், உள்ளே தொளதொள. காறை எலும்புக்கு (கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகிற எலும்பு) மேல் வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். பாவாடையைப் பையில் வைத்துக்கொண்டு, போய் மாற்றிவிடலாம்.

18 கிலோ தாண்டியதும் முதுகு வைத்த பூஸ்டர்தான் (கார் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கிற சீட்) வாங்கப் போகிறேன். வெறும் அடிப்பலகை பூஸ்டர் விலை ரொம்பக் கம்மி, ஆனால் அதில் தலைக்குப் பக்கத் தடுப்பு கிடையாது, தூங்கிச் சாய்ந்தால் பெல்ட் தோளிலிருந்து நழுவிவிடும். பழைய சீட்டை மதினி மகனுக்குக் கொடுக்கலாம், ஓட்டில் அச்சடித்திருக்கும் காலாவதி வருஷம் பார்த்தாகிவிட்டது, இன்னும் இருக்கிறது. தெரியாத ஆளிடம் பழசு வாங்குவது மட்டும் வேண்டாம், விபத்தில் அடிபட்ட சீட்டா என்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.